ரோட்டரி வாஷ்லைன் வாங்கலாமா? தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் இரண்டரை வருடம் துணி காயப்போட்ட அனுபவம்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே கிளம்பலாம். குடை மாதிரி விரித்து மடக்குகிற, காற்றில் சுற்றுகிற துணிக்கொடிதான் இந்த ரோட்டரி வாஷ்லைன், அதற்கு ஐந்துக்கு மூன்றரை. கம்பம் நன்றாக இருக்கிறது, கயிறு சுமார், தரையில் பதிக்கும் பிளாஸ்டிக் சாக்கெட் படு மோசம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்தரை இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு வேறு கதை இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் எதற்காக 1,350 ராண்ட் கொடுத்து துணி இல்லாத குடை ஒன்றை வாங்கி வந்தேன் என்பது புரியாது.

நான் விருதுநகர்க்காரன். எங்கள் ஊரில் துணி காயப்போடுவதை யாரும் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. மொட்டை மாடியில் இரண்டு கம்பிக்கு நடுவே நைலான் கயிறு, காலை பத்து மணிக்கு உதறிப் போட்டுவிட்டு கீழே வந்து காபி குடித்து முடிப்பதற்குள் வேட்டி மொடமொடவென்று ஆகியிருக்கும். யார் வீட்டு மாடியில் யார் பாவாடை பறக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்திருந்தாலும் வெளியே சொன்னதில்லை.

அந்தப் பழக்கத்தோடு 2019-இல் டர்பன் வந்து, உம்ஷ்லாங்காவில் ஒரு காம்ப்ளெக்ஸின் மூன்றாவது மாடியில் குடியேறினோம். கடல் பார்த்த பால்கனி, பிய்த்துக்கொண்டு போகிற காற்று. முதல் ஞாயிற்றுக்கிழமையே என் மனைவி பால்கனிக் கம்பியில் நாலு துண்டும் என் வேட்டி ஒன்றும் போட்டாள். செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்துவிட்டது, வேட்டியின் புகைப்படத்தோடு. எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள், நல்ல ஜூம், கரை நூல்கூடத் தெரிந்தது.

சட்டப்படி அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே இப்படிப்பட்ட அடுக்குமாடிகளை செக்‌ஷனல் டைட்டில் என்பார்கள், அவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நடத்தை விதிகளில், பாடி கார்ப்பரேட் எனப்படும் உரிமையாளர் சங்கத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வாஷ்லைன் கட்டக் கூடாது, பக்கத்து வீட்டுக்கோ வெளியிலோ தெரிகிற மாதிரி துணி தொங்கவிடக் கூடாது என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த விதிகளிலும் துணிமணிக்கென்றே ஒரு விதி இருந்தது. அனுமதி கொடுத்தால் போடலாம், அதில் தடையில்லை. எங்கள் ஆட்கள் கொடுக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, துணி தொங்கினால் வீட்டு விலை இறங்கிவிடும் என்றார்கள். அந்த வேட்டி பொங்கலுக்கு எடுத்தது, புதுசு, அதை எப்படி எடுத்துச் சொல்வது?

கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஆளுயரச் சுவர் வைத்த ஒரு ட்ரையிங் யார்ட் இருந்தது. காற்றும் வராது, மத்தியானத்துக்கு மேல் வெயிலும் வராது. துணியை மறைப்பதற்காகக் கட்டிய இடத்தில் துணி எப்படிக் காயும். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் புலம்பினேன், அங்கே இன்னும் மோசம் என்றான். குடியிருப்புச் சங்கங்கள் போட்ட தடைகளைச் சமாளிக்க முடியாமல், துணி காயப்போடும் உரிமைக்காகவே வெர்மான்ட் மாநிலத்தில் 2009-இல் சட்டம் கொண்டுவர வேண்டியதாகிவிட்டதாம். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். “வெயிலுக்கும் ரேஷன் கார்டாடா?” என்று கேட்டார்.

அப்புறம் வேறு வழியில்லாமல் ஒரு டம்பிள் ட்ரையர் வாங்கினோம். ஒரு லோடுக்கு இரண்டிலிருந்து நாலு யூனிட் வரை இழுக்கும், பனியன் எல்லாம் ஒரு வருடத்தில் சுருங்கி மகளுக்குச் சரியாக இருக்கும் அளவுக்கு வந்துவிட்டது, 2021-இல் லோட்ஷெடிங் வந்த நாட்களில் பாதி லோடில் நின்றுபோய், இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் வெந்நீரில் ஊறவைத்த மாதிரி ஒரு வாடை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

2023 தொடக்கத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டுக்கு மாறினோம். பழைய வீடு, பின்னால் நல்ல முற்றம், அதன் நடுவே முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன டி வடிவ இரும்புக் கம்பம் இரண்டு, இடையில் துருப்பிடித்த கம்பி. இந்த ஊரில் பாதி வீடுகளில் இதுதான் இருக்கும், உண்மையில் துணி காய இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் கம்பி என் கழுத்து உயரத்தில் இருந்தது, மகள் அப்போதுதான் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள், நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடும்போது ஒரு நாள் கம்பி தொண்டையில் பட்டு மூச்சு நின்றுவிட்டது. அன்றைக்கே கம்பங்களை அறுத்துப் போட்டுவிட்டு, வேண்டும்போது விரித்து வேண்டாதபோது மடக்குகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். மார்ச் மாதம் அது.

பொருளைச் சொல்கிறேன். உள்ளூர் தயாரிப்பு, பெயர் வேண்டாம். நடுவில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், மேலே நாலு கை, கைகளுக்கு இடையே பிளாஸ்டிக் உறை போட்ட கயிறு சிலந்தி வலை மாதிரி ஐந்து சுற்று. குடையை விரிப்பது போல மேலே தள்ளினால் ‘க்ளக்’ என்று பூட்டிக்கொள்ளும். காற்றடித்தால் தானாகச் சுற்றும். இந்த மாதிரித் துணிக்கொடி உலகமெல்லாம் பிரபலமானது ஆஸ்திரேலியாவால்தான், 1945-இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் தன் வீட்டுக்காகச் செய்யப்போய் அது பெரிய வியாபாரமாகிவிட்டது. அவருக்கு முன்பே கில்பர்ட் டாய்ன் என்பவர் அங்கே சுழலும் கொடிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், பெயர் என்னவோ ஹில்லுக்குத்தான் நிலைத்தது. அவர்களுடையதில் கைப்பிடியைச் சுற்றினால் கொடி மொத்தமாக உயரும். என்னுடையதில் அந்த வசதி இல்லை, ஐந்தடி உயரமுள்ள என் மனைவி ஒரு முக்காலி போட்டுக்கொள்கிறாள்.

சுற்றுவதில்தான் இதன் மொத்த மகிமையும். துணி காய்வதற்கு வெயிலைவிடக் காற்று முக்கியம் என்பதை நான் இந்த ஊரில்தான் கற்றேன். ஜனவரியில் இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கும், ஜீன்ஸின் இடுப்புப் பட்டை சாயங்காலம் வரை நசநசக்கும், அதற்குள் மூன்று மணிக்கு இடி இடித்து மழை வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் நிலைமை தலைகீழ். மழை குறைவு, வானம் பளிச்சென்று இருக்கும், சில நாள் உள்நாட்டு மலைப் பக்கமிருந்து பெர்க் விண்ட் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசும். அன்றைக்கு மட்டும் எனக்கு விருதுநகர் ஞாபகம் வரும். அந்தக் காற்றில் ரோட்டரி ராட்டினம் மாதிரிச் சுற்றும், போர்வைகூட ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்து போகும். நேர்க்கொடியில் ஒரு பக்கம்தான் காற்று படும், இதில் எல்லாத் துணியும் முறை வைத்துக் காற்று வாங்கும். உள் சுற்றில் நெருக்கமாகப் போட்டால் மட்டும் காயாது, அங்கே கைக்குட்டை, காலுறை, உள்ளாடை மட்டும் போடுங்கள்.

இப்போது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை: புடவையும் எட்டு முழ வேட்டியும். இந்தக் கொடியை வடிவமைத்தவர் வாழ்க்கையில் ஐந்தரை மீட்டர் துணியைப் பார்த்ததே இல்லை. வெளிச் சுற்றின் ஒரு பக்கம் இரண்டு மீட்டர் இருக்கும், புடவை மூலையில் திரும்பி, மறுபடி திரும்பி மூன்றாவது பக்கத்தில் போய் முடிகிறது. ஒரு புடவை போட்டால் வெளிச் சுற்றில் முக்கால்வாசி போச்சு. காற்று அடிக்கும்போது அது பாய்மரம் மாதிரி உப்பி, மொத்தக் கம்பமும் சாய்ந்து ஆடும். பட்டு, நைலக்ஸ் எல்லாம் பரவாயில்லை. நனைந்த சுங்குடிச் சேலை இரண்டை ஒரே நேரத்தில் போட்டுவிட்டு நான் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன். வேட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மூலையில் ஒரு பெக் கூடுதலாகக் குத்தினால் சமாளிக்கலாம். நாம் க்ளிப் என்பதைத்தான் இங்கே பெக் என்கிறார்கள்.

பெக் என்றதும் ஒன்று. கொடிக்கு 1,350 கொடுத்துவிட்டு பெக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக் பெக் இந்த ஊர் வெயிலில் எட்டு மாதத்தில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, மரத்தில் செய்தது மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கறுக்கிறது, இரண்டிலும் உள்ள சின்ன ஸ்பிரிங் கடல் காற்றில் துருவேறி வெள்ளைச் சட்டையில் காபிக் கறை போல ஒரு புள்ளி வைக்கிறது, அது போகவே போகாது. ஒரே கம்பியை வளைத்துச் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெக் வாங்குங்கள். விலை அதிகம்தான்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது, ஏனென்றால் இந்தக் கொடியில் எப்படித் துணி போட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தது அவர்தான். எங்கள் வீட்டில் துவைப்பதும் காயப்போடுவதும் என் வேலை, மனைவி காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள், நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். குடிவந்த முதல் வாரம் நான் மனைவியின் நைட்டியை உதறிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து, “வைஃப் சிக்-ஆ, தம்பி?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த முப்பது நாற்பது தமிழ்ச் சொற்களில் தம்பி ஒன்று. இல்லை ஆன்ட்டி, நன்றாக இருக்கிறாள் என்றேன். அப்படியானால் இதெல்லாம் ஏன் நீ செய்கிறாய் என்கிற கேள்வி அவர் முகத்தில் ஆறு மாதம் இருந்தது. காந்தியே டர்பனில் இருந்தபோது சலவைக்காரர் நேரத்துக்குத் தராததால் தன் காலரைத் தானே துவைத்து, கஞ்சி கூடிப்போய் அது உதிர உதிர கோர்ட்டுக்குப் போய் வக்கீல்களிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறார் என்று எடுத்துவிட்டேன். காந்தி ஒரு பக்கம் இருக்கட்டும், நீ சட்டையைத் தோளில் பெக் குத்துகிறாய், கீழ் விளிம்பில் குத்து என்றார்.

அவருடைய அம்மா பிறந்து வளர்ந்தது டர்பன் மேகசின் பாரக்ஸில். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கான குடியிருப்பு அது, வரிசை வரிசையாக வீடுகள், பொதுக் குழாய், எல்லார் துணியும் எல்லார் கண்ணிலும் படும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டத்தால் 1960-களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். கொடியைப் பார்த்தே அந்த வீட்டு மருமகள் எப்படி என்று கிழவிகள் சொல்லிவிடுவார்களாம். ரோட்டைப் பார்த்த பக்கம் படுக்கை விரிப்பு, அடுத்து சட்டை, உள்ளே போகப் போகச் சின்னதும் மறைக்க வேண்டியதும், சட்டைகள் ஒரே திசை, காலுறை ஜோடி ஜோடியாக. உள்ளாடை மறையட்டும் என்று அவர்கள் செய்த ஏற்பாட்டை ரோட்டரியின் வலை தானாகவே செய்துவிடுகிறது என்று காட்டினேன், அதில் மட்டும் அவருக்குக் கொடி பிடித்துவிட்டது. உம்ஷ்லாங்காவில் துணி தெரிந்தாலே குற்றம், இங்கே துணி ஒழுங்கில்லாமல் தெரிந்தால்தான் பேச்சு. எனக்கு இரண்டாவது பரவாயில்லை.

இரவில் துணி வெளியே கிடக்கக் கூடாது என்பதிலும் அவர் கறார். போன வருடம் சின்னவன் பிறந்தபோது பொழுது சாய்ந்தும் அவன் துணி கொடியில் இருந்தால் சுவர் மேல் தட்டுவார். குழந்தைத் துணியில் ராத்திரிக் காற்று படக் கூடாதாம். எங்கள் அப்பத்தாவும் இதையேதான் சொல்வார், 1860-இல் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே வந்த நம் ஆட்களோடு கப்பல் ஏறிய பேச்சு இன்னும் மாறவில்லை. பேய்க்காற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் பனி இறங்கிக் காய்ந்ததெல்லாம் மறுபடி ஈரமாகும், ஜீன்ஸும் போர்வையும் காலையில் இருக்காது என்பதில் நம்பிக்கை உண்டு, அதனால் எடுத்துவிடுகிறேன். நெல்ஸ்ப்ரூயிட் பக்கத்து அலுவலக நண்பர் இன்னொன்று சொல்லிப் பயமுறுத்தினார். இந்நாட்டின் வடகிழக்கு வெப்பப் பகுதியிலும் அதற்கு மேலே உள்ள நாடுகளிலும் புட்சி ஈ என்று ஒன்று, நிழலில் காயும் ஈரத்துணியில் முட்டை வைக்குமாம், அந்தத் துணியைப் போட்டால் புழு தோலுக்குள் போய்க் கட்டி கட்டியாக வரும். நல்ல வெயிலில் போட வேண்டும், சூடாக இஸ்திரி போட்டால் முட்டை செத்துவிடும். எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை, இருந்தாலும் குழந்தைத் துணிக்கெல்லாம் இஸ்திரி ஓடுகிறது.

டோங்காட்டில் கொடிக்கு உண்மையான எதிரி கரும்பு. சுற்றிலும் கரும்புக்காடு, ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை வெட்டு, வெட்டுவதற்கு முன் சோகையைக் கொளுத்துவார்கள். காலையில் தீ வைத்தால் காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கறுப்புக் கறுப்பாக, விரல் நீளச் சாம்பல் இழைகள் மிதந்து வந்து வெள்ளைத் துணியாகப் பார்த்து உட்காரும். தட்டினால் போச்சு, கோடு விழுந்துவிடும். ஊத வேண்டும், இல்லாவிட்டால் உதற வேண்டும். இந்த இடத்தில் ரோட்டரிக்கு நான் முழு மார்க் கொடுக்கிறேன். புகையைப் பார்த்ததும் ஓடிப்போய், துணியோடு சேர்த்தே கைகளைப் பாதி மடக்கி மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிடலாம், நேர்க்கொடியில் இது நடக்காது. பறவைகளுக்கும் இதே வைத்தியம்தான். ஹடீடா கத்திக்கொண்டே பறக்கும்போது கீழே விடுவதைப் பற்றி எழுத விருப்பமில்லை, அடுத்தது மைனா, அதுவும் நம்மைப் போல இந்தியாவிலிருந்து வந்ததுதான், உறவு என்று கொஞ்சமும் பார்ப்பதில்லை.

வெயிலில் போடுவதற்கு நியாயமாக நான் சொல்லும் முதல் காரணம் மஞ்சள். தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் போய் வந்தால் வேட்டி, சட்டை, குழந்தை ஜட்டி வரை மஞ்சள். சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவந்து, கறை இன்னும் கூடிவிட்ட மாதிரி பயமுறுத்தும். விட்டுவிடுங்கள். அப்படியே ஈரத்தோடு கறை பட்ட பக்கம் வெளியே தெரிகிற மாதிரி நல்ல வெயிலில் ஒரு நாள், இரண்டு நாள் போட்டால் தானாக வெளுத்துவிடும், மஞ்சளின் நிறத்தை வெயில் சிதைத்துவிடுகிறது. ட்ரையரில் போட்டிருந்தால் அந்த வேட்டி அடுத்த காவடி வரை மஞ்சளாகவே இருந்திருக்கும்.

சரி, குறைக்கு வருகிறேன். தரையில் குழி வெட்டி, சிமென்ட் கலவை கொட்டி, அதில் ஒரு சாக்கெட் பதித்து, அதற்குள் கம்பத்தைச் செருக வேண்டும். பெட்டியோடு வந்த சாக்கெட் பிளாஸ்டிக். ஏழாவது மாதம், நான் மேலே சொன்ன சுங்குடிச் சேலைகள் இரண்டு, ஒரு போர்வை, நல்ல காற்று. ‘டக்’ என்று ஒரு சத்தம், எட்டிப் பார்த்தால் கொடி மொத்தமும் கும்பிடு போட்ட மாதிரி ஆன்ட்டி வீட்டுச் சுவர் மேல் சாய்ந்து கிடக்கிறது, ஒரு சேலை அவர் வீட்டுக் கொய்யா மரத்தில். பெட்டியில் 25 கிலோ வரை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறது. தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், கம்பத்துக்குத்தான் இரண்டு வருட வாரண்டி, சாக்கெட் ‘துணைப் பொருள்’ என்றார்கள். சாக்கெட் இல்லாமல் கம்பத்தை எதில் நிறுத்துவது என்று கேட்டேன். மேனேஜர் வரட்டும் என்றார்கள். மூன்று முறை போனேன், மேனேஜர் வரவில்லை.

கயிறும் தொய்கிறது. நாலு மாதத்துக்கு ஒரு முறை இழுத்துக் கட்டினால் போதும், அது பெரிய விஷயமில்லை. கம்பத்தில் இன்றுவரை துரு இல்லை, கடலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறோம், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

2024 ஜூன் 3-ஆம் தேதி டோங்காட்டில் சூறாவளிச் சுழல் வந்தது தெரிந்திருக்கும். உயிர்கள் போயின, எத்தனையோ வீடுகளின் கூரை போனது, அதற்கு நடுவே ஒரு துணிக்கொடியைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் தெரு தப்பித்தது. அடுத்த நாள் சாலையோர மரங்களிலும் வேலிகளிலும் யார் யாருடையதோ துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பள்ளிச் சட்டை, பெக்கோடு.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராத காலத்தையும் ஆன்ட்டி அடிக்கடி சொல்வார், நாங்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். துணியை மூட்டை கட்டி ஃபீனிக்ஸில் மகள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, ஈரத்தோடு காரில் ஏற்றி வந்து தன் கொடியில்தான் காயப்போடுவாராம். அங்கேயே காயப்போட்டிருக்கலாமே என்றேன். “அவ லைன்ல போட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க, தம்பி?” என்றார். மகளின் கொடியைப் பார்த்திருக்கிறேன், சட்டையைத் தோளில்தான் குத்துகிறார்.

உடைந்த சாக்கெட்டுக்குப் பதிலாக ஆன்ட்டியின் தம்பி மகன் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் ஒரு துண்டை வெட்டி, அடியில் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார், 200 ராண்ட். பழைய சிமென்ட்டை உடைத்து முழங்கை ஆழத்துக்குப் புதிதாகப் பதித்தோம். அன்றிலிருந்து மூன்று சேலை போட்டாலும் நிற்கிறது, அந்த 200 ராண்டையும் சேர்த்துத்தான் மூன்றரை மார்க். வாங்கப் போகிறவர்கள் கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி சாக்கெட் இரும்பா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால், திரும்பி வரும் வழியில் வெல்டிங் பட்டறை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.